மூணு பதார்த்தம் போதும்… வீட்டுக்கு வாங்க!

நண்பர்களைச் சாப்பாட்டுக்கு அழைப்பது கொங்கு மண்ணின் பழக்கம். இன்று அது ஓட்டல் மேசைக்குப் போய்விட்டது. மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

சனிக்கிழமை இரவு ஏழு மணி. கோவை பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டின் அடுப்படி. இட்லிப் பானையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. புளிக்கவைக்காத அரிசி மாவில் வெந்த இட்லிகளை வீட்டுக்கார அக்கா சுடச்சுட எடுத்துப் போட, ஒருவர் அவற்றை மூன்று கால் சந்தகை மிஷினுக்குள் வைத்து அமுக்குகிறார். இன்னொருவர் கைப்பிடியைச் சுற்றுகிறார். அச்சிலிருந்து வெள்ளை வெளேரென்று நூல் இறங்கி, தட்டில் சுருள் சுருளாக விழுகிறது.

"சுருக்காப் பிழிங்க கண்ணு. ஆறிப்போச்சுன்னா கல்லாட்டம் இறுகிக்கும்" என்று, தேங்காய் துருவிக்கொண்டே குரல் கொடுக்கிறார் அந்த வீட்டின் பெரியம்மா.

கைப்பிடி சுற்றுகிறவர் அரை மணி நேரத்துக்கு முன்புதான் விருந்தாளியாக உள்ளே வந்தவர். "நீங்க போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்கிறார் அக்கா. "அட, இருக்கட்டுங்க்கா. இது ஒத்தை ஆளு வேலைங்களா?" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறார் அவர்.

எட்டரை மணிக்கு ஹாலில் ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. எட்டுப் பேர். சந்தகை, அதற்கு நாட்டுக்கோழிக் குழம்பு, கறி சாப்பிடாதவர்களுக்கு வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால். அவ்வளவுதான். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு அக்காவும் பெரியம்மாவும் அதே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நண்பர்களிடம் நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த ஒரு நாள் வருவதே இல்லை. பிறந்தநாளுக்கு ஓட்டல், புது வேலைக்கு ஓட்டல், பழைய வகுப்புத் தோழர்கள் கூடினாலும் ஓட்டல். பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தவரின் வீட்டு வாசலைக்கூட மிதித்திராதவர்கள் இந்த ஊரில் ஏராளம். "சோறு உண்டுட்டுத்தான் போகோணும்" என்று வந்தவர் கையைப் பிடித்து உட்காரவைத்த மண்ணில் ஏன் இந்த நிலை?

ஓட்டலுக்குப் போன வீட்டுச் சாப்பாடு

வெளியே சாப்பிடுவது கோவைக்குப் புதிதல்ல. ஈரோட்டில் 1960இல் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா கொங்கு வீட்டுக் கறிக்குழம்பையே விற்றுப் பேர் வாங்கியது. கோவையில் 1968இல் பிறந்த அன்னபூர்ணாவின் சாம்பார் இந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பெருந்துறை பக்கம் சீனாபுரத்தில் 'நம்ம வீட்டு சாப்பாடு' என்று பெயர் வைத்த இடத்துக்கு, நீள வாழை இலையில் வகை வகையான கறியைச் சாப்பிடப் பல ஊர்களிலிருந்து காரில் போகிறார்கள். வீட்டு ருசிக்கு மக்கள் ஏங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதன்மேல் 2014இல் பெங்களூரில் ஸ்விக்கி வந்தது. சில ஆண்டுகளிலேயே சாப்பாட்டுச் செயலிகள் கோவையின் சந்துபொந்தெல்லாம் நுழைந்துவிட்டன. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். உணவுச் செலவுகளிலேயே மிகப் பெரிய பங்கு பானங்களுக்கும் பதப்படுத்திய, சமைத்து விற்கும் உணவுகளுக்கும்தான் போகிறது. நகர்ப்புறக் குடும்பத்தின் மொத்த மாதச் செலவில் அது சுமார் 11 சதவீதம். கிராமத்தில்கூட ஏறக்குறைய 10 சதவீதம்.

ஓட்டலில் சாப்பிடுவதில் தவறே இல்லை. ஆனால் நண்பர்கள் கூடுவதற்கு அது ஒன்றுதான் வழி என்று ஆகிவிட்டால், வேறு சிலவற்றை இழக்கிறோம். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

அழைக்க ஏன் தயக்கம்?

யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "நேரம் இல்லீங்க." கொஞ்சம் பேசவிட்டால் உண்மைக் காரணம் வெளியே வரும்: "கூப்பிட்டா நல்லா செய்யோணுமில்லீங்க?"

இந்த 'நல்லா' என்பதன் அளவுதான் இப்போது எட்டாத உயரத்துக்குப் போயிருக்கிறது. கல்யாண மண்டபத்துப் பந்தியில் இலை நிறைய இருபது, முப்பது ஐட்டம் பார்த்துப் பழகிய கண், வீட்டு இலையையும் அதே கணக்கில் அளக்கிறது. நாலு பேரை அழைத்தால் இரண்டு இனிப்பு, பிரியாணி, இரண்டு வறுவல், அதற்கு மேல் பரோட்டா, ஐஸ்கிரீம் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றையும் செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு பெண். காலையில் உழவர் சந்தையில் தொடங்கும் அவர் வேலை, இரவு பதினோரு மணிக்குக் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும்போது முடிகிறது. இடையில் ஹாலில் ஓடிய பேச்சில், சிரிப்பில் அவருக்குப் பங்கில்லை. "இனி ஆறு மாசத்துக்கு யாரையும் கூப்பிடாதீங்க" என்று அவர் சொன்னால், அதை விருந்தோம்பல் குணம் குறைந்ததாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

இங்கே ஆண்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோயில் கெடா வெட்டில் அண்டாவைச் சுற்றி நின்று கறி கிண்டுவது ஆண்கள். கல்யாணச் சமையல் மாஸ்டர்களும் பெரும்பாலும் ஆண்கள். நூறு பேருக்கு உப்பு, காரம் பார்க்கத் தெரிந்த கைகள் இந்தச் சமூகத்தில் இருக்கின்றன. எட்டுப் பேருக்கான வீட்டு விருந்து என்று வந்தால் மட்டும் அந்தக் கைகள் டிவி ரிமோட்டைப் பிடித்துக்கொள்கின்றன. பல வீடுகளில் நண்பர்கள் கூட்டம் என்றாலே மொட்டை மாடியில் ஆண்கள், கீழே அடுப்படியில் பெண்கள் என்று வீடு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு விருந்து நடக்கிறது. ஒன்றில் சாப்பாடு, இன்னொன்றில் வேலை.

■ எண்கள் சொல்வது ■
• சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் செலவிட்ட நேரம் 2019இல் 299 நிமிடம். ஆண் 97 நிமிடம்.
• 2024இல் பெண் 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். பெண்ணின் சுமை கொஞ்சம் குறைந்தது. ஆணின் பங்கும் சேர்ந்தே குறைந்தது.
• 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, வாரத்தின் 14 மதிய, இரவுச் சாப்பாடுகளில் எத்தனையைத் தெரிந்தவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டது. லத்தீன் அமெரிக்காவில் ஏறக்குறைய 9. தெற்காசியாவில் 4க்கும் கீழே.

கொங்குச் சமையல் நம்மைக் காப்பாற்றும்

நல்ல செய்தி என்னவென்றால், எளிய விருந்துக்கு வேண்டிய எல்லாம் நம் ஊர்ச் சமையலிலேயே இருக்கிறது. கொங்கு நாடு பெரும்பாலும் மானாவாரிக் காடு. கம்பும் சோளமும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்த பூமி. காட்டு வேலைக்குப் போய்வந்து அடுப்பு மூட்டியவர்கள் கண்டுபிடித்த சமையல் இது. பொருள் குறைவு, பக்குவம் நேர்த்தி.

அரிசிம்பருப்புச் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள் சேர்த்து வதக்க வேண்டும். ஊறிய அரிசி பருப்பைப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்ற வேண்டும்; குழைவாக வந்தால்தான் அது அரிசிம்பருப்பு. தட்டில் போட்டதும் மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் கெட்டித் தயிர், அப்பளம், ஊறுகாய். ஒரே குக்கர், ஒரே அடுப்பு. பத்துப் பேருக்கானாலும் விசில் எண்ணிக்கை மாறுவதில்லை. சமைத்தவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

கறி வேண்டுமென்றால் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறது. ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் அக்கரையில் இருக்கும் நாமக்கல் மாவட்ட ஊரின் பெயரைத் தாங்கிய வறுவல். விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, எண்ணெய், பல்லு பல்லாகக் கீறிய தேங்காய். மசாலாப் பொடி எதுவும் தேவையில்லை. சைவத்துக்குக் கொள்ளுப் பருப்பு கடைந்து, கொள்ளு வேகவைத்த தண்ணீரிலேயே ரசம் வைத்துவிடலாம். ஒரே வேகவைப்பில் இரண்டு பதார்த்தம். இனிப்புக்குக் கச்சாயமோ எள்ளுருண்டையோ போதும். முந்தின நாளே செய்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒன்றைச் செய்து பாருங்கள். வந்தவர்கள் "இன்னும் ரெண்டு ஐட்டம் இருந்திருக்கலாம்" என்று சொல்லப்போவதில்லை. "இது எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். சமைத்தவருக்கு அந்தக் கேள்வியைவிடப் பெரிய மரியாதை எது?

■ பந்திக்கு வரும் நம்ம ஊர்ச் சரக்கு ■
• கோவை வெட் கிரைண்டர்: கோவையில் 1955இல் பி. சபாபதி உருவாக்கியது. ஆட்டாங்கல்லில் கையொடிய ஆட்டிய தலைமுறைக்கு விடுதலை. 2005-06இல் புவிசார் குறியீடு.
• பவானி ஜமக்காளம்: விருந்தாளிக்கு விரிக்கும் முதல் மரியாதை. இதற்கும் 2005-06இல் புவிசார் குறியீடு.
• ஈரோடு மஞ்சள்: 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.
• ஊத்துக்குளி வெண்ணெய், பொள்ளாச்சி தேங்காய், நாமக்கல் முட்டை: முத்திரை பார்க்காமலே ஊர் பேரைச் சொல்லி வாங்குகிறோம்.

யார் யாரோடு உட்கார்ந்து உண்பது?

வீட்டு விருந்தைப் பற்றிப் பேசும்போது பலரும் தவிர்க்கும் பகுதி இது. தவிர்க்கக் கூடாது.

கொங்கு மண்ணில் ஒருவர் வீட்டில் கை நனைப்பது வெறும் பசி சம்பந்தப்பட்ட விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. யார் வீட்டில் யார் சாப்பிடலாம், யார் எந்த இடம் வரை வரலாம், யாருக்கு எந்தத் தம்ளர் என்பதில்தான் சாதி தன் கோட்டை ஆழமாகப் போட்டது. டீக்கடைகளின் இரட்டைத் தம்ளர் இந்த வட்டாரத்தின் அவமானமாக நீண்ட காலம் நீடித்தது.

அதை எதிர்த்த குரலும் இதே மண்ணிலிருந்துதான் எழுந்தது. நெல்லைச் சீமையில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924-25இல் பெரும் பிரச்சினையாக வெடித்தது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதா என்று எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள், ஈரோட்டுக்காரரான பெரியாரும் ராசிபுரத்தில் பிறந்த பி. வரதராஜுலு நாயுடுவும். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய சண்டைகளில் ஒன்று, ஒரு சாப்பாட்டுப் பந்தியில் தொடங்கியது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்தையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கதை முடிந்துவிட்டதா? 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சிலர் தடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் பெண் சமைத்தது அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான்.

நகரத்தில் இது வேறு உடையில் வருகிறது. வீடு தேடி அலையும் இளைஞர்களைக் கேளுங்கள். "நான்-வெஜ் சமைக்கக் கூடாது", "பேச்சிலருக்குத் தர்றதில்லைங்க", "யாரும் வந்து போகக் கூடாது" என்பவை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே வாய்மொழியாக வரும் நிபந்தனைகள். சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் வேலை பார்க்க மதுரையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இந்த ஊரின் ஒரு வீட்டுச் சோறுகூடக் கிடைக்காமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. சமைக்கவும் விடாமல், வரவும் விடாமல் வைத்திருக்கும் வீட்டில் நட்பு எங்கே வளரும்?

ஓட்டல் மேசைக்கு ஒரு பெருமை உண்டு. காசு கொடுத்தால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். அது பெரிய வெற்றிதான். ஆனால் ஓட்டலில் ஒன்றாகச் சாப்பிட்ட இருவர், ஒருவர் வீட்டு நடைக்குள் மற்றவரை விடாமலே முப்பது வருடம் நண்பர்களாக இருந்துவிட முடிகிறது. வீட்டுக்கு அழைத்து, தன் வட்டலில் சோறு போட்டு, தன் பெற்றோரும் பிள்ளைகளும் பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும்போதுதான் அந்தக் கோடு அழிகிறது. அதைப் பார்த்து வளரும் குழந்தைக்குத் தனியாகச் சமத்துவப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தனித் தட்டு, தனி மனிதர்

வீட்டு விருந்து குறைந்ததன் இன்னொரு விளைவு உடம்பைத் தொடுகிறது. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்றும், ஆண்டுக்கு 8.71 லட்சத்துக்கும் அதிகமான மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் சொன்னது. சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையை நிறைவானதாக மதிப்பிடுகிறார்கள் என்கிறது அதே ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை. சேர்ந்து சாப்பிடும் வரிசையில் தெற்காசியா கடைசியில் நிற்பது நமக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். கூட்டுக்குடும்பமும் பந்தியும் நம் அடையாளம் என்று நம்பியிருக்கிறோம்.

நம் வீடுகளின் இரவைக் கொஞ்சம் நேராகப் பார்த்தால் காரணம் புரியும். அப்பாவுக்கு ஷிஃப்ட் முடிந்து பத்து மணிச் சாப்பாடு. பையனுக்கு அறைக்குள் போனோடு பார்சல். அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் இரண்டே பேராக இருக்கும் வயதானவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு பேருக்கு என்னத்தைச் சமைப்பது என்று காலையில் வைத்த ரசத்தையே இரவும் ஊற்றிக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை யாராவது சாப்பிட வருகிறார்கள் என்றால், அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பதுகூட உற்சாகமாகிவிடும்.

மிச்சத்துக்கும் ஒரு கணக்கு

விருந்து பெரிதாகப் பெரிதாக, குப்பையும் பெரிதாகிறது. 2024இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வீணாகும் உணவில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணாகிறது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப் பசித்தவர்களுக்குச் சேர்க்கும் 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு 2014இல் பிறந்தது இதே கோவையில்தான். ஊர் கூடி வைக்கும் பந்தியின் மிச்சத்தை எடுக்க அவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேர் விருந்தின் மிச்சத்துக்கு நாம்தான் பொறுப்பு. முன்பெல்லாம் விருந்து முடிந்தால் பக்கத்து வீட்டுக்குத் தூக்குப் போசியில் குழம்பு போகும். அந்தப் பழக்கத்தை மீட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

■ வீட்டு விருந்து: கையோடு வைத்துக்கொள்ள ■
• முக்கியப் பதார்த்தம் ஒன்று, தொட்டுக்கொள்ள ஒன்று, இனிப்பு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.
• என்ன சாப்பிடுவார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று அழைக்கும்போதே கேளுங்கள்.
• "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பவரிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். தயிர், பழம், அப்பளம் என்று ஒன்றைச் சொல்லுங்கள்.
• வெங்காயம் உரிப்பது, இலை கழுவுவது, பாத்திரம் துலக்குவது: மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துவிடுங்கள். அதில் வீட்டு ஆண்கள் கட்டாயம்.
• சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோறு, கறி, தேங்காய்ப்பால் மூன்றிலும் கவனம் தேவை. மிஞ்சியதை உடனே ஃபிரிட்ஜில் வைத்து, மறுபடி கொதிக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும்.
• வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ போதும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

ஒரு தேதியைக் குறியுங்கள்

வீட்டு விருந்து குறைந்துபோனதற்கு நேரம், செலவு, சின்ன வீடு என்று எத்தனை காரணம் சொன்னாலும், பெரும்பாலானவற்றுக்கு விடை நம் கையில்தான் இருக்கிறது. ஐட்டம் குறைந்தால் செலவு குறையும். வேலையைப் பிரித்தால் நேரம் கிடைக்கும். ஜமக்காளம் விரித்தால் டைனிங் டேபிள் இல்லாத வீட்டிலும் பத்துப் பேர் உட்காரலாம். சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால், அடுத்த விருந்துக்கு அவரே தேதி சொல்வார்.

யாரை அழைப்பது என்பதில்தான் உண்மையான துணிச்சல் தேவை. சித்தப்பா, மாமா என்று ஒறம்பரை எப்படியும் நோம்பிக்கு வந்துவிடும். இந்த முறை இதுவரை உங்கள் வீட்டில் சாப்பிடாத ஒருவரை அழையுங்கள். பக்கத்து ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பெரியவர், அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கும் வெளியூர்ப் பிள்ளை, சாதி தெரிந்த நாளிலிருந்து உங்கள் வீட்டார் வாசலோடு நிறுத்திவைத்த நண்பர், இவர்களில் ஒருவர். வீட்டில் யாராவது முகம் சுளித்தால், அவர்களிடமும் பேசுங்கள். அந்தப் பேச்சு நடக்காமல் எந்த வீடும் மாறியதில்லை.

அடுத்த வாரம் அவர்கள் உங்களை அழைத்தால், மறுக்காமல் போய்க் கை நனையுங்கள். அழைப்பது பாதிதான். அவர்கள் வீட்டிலும் உட்கார்ந்து உண்டால்தான் கணக்கு நேராகும்.